கொல்லையின் தலைக்கல்

எங்கள் மலையூர் ஈச்சம்பள்ளத்தில் நிலம் தூங்கிப்போனதை முதலில் கண்டுபிடித்தவர் என் அக்கா வீட்டுக்காரர் கரியராமன் மாமா. கண்டுபிடித்தார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். மரவள்ளிக் குச்சி நடுவதற்கு மண்ணை அணைத்துப் பார் பிடிக்க மண்வெட்டியோடு கொல்லைக்குள் இறங்கியவர், ஒரு வெட்டு வெட்டி, அடுத்த வெட்டுக்கு ஓங்கி, ஓங்கிய கையோடு மெல்ல மண்டியிட்டு, கன்னத்தை மண்ணில் வைத்து, கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்போடு தூங்கிவிட்டார். கஞ்சித் தூக்கோடு வந்த அக்கா பொன்னுருவி, "இந்நேரத்துக்கே ஊத்திக்கிட்டு வந்தாச்சா?" என்று வரப்பிலிருந்தே திட்டினாள், திட்டிக்கொண்டே அவரை எழுப்ப உள்ளே கால் வைத்தவள், திட்டு பாதியில் நிற்க, அவர் பக்கத்திலேயே சரிந்தாள். அவர்களிடம் தண்ணீர் காட்டச் சொல்லி வந்த மாடு தூங்கியது. மாட்டை விரட்ட வந்த பக்கத்துக் கொல்லைக்காரர் தூங்கினார். வரப்பில் நின்றே யோசித்த முதல் ஆள் ஊர்க்கவுண்டர். அதுவும் அவருக்கு முழங்கால் வலி, இறங்க முடியாது என்பதால்தான். அவர் பலாக்காய் பறிக்கும் கொக்கியைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொருவராக இழுத்து வரப்பில் போட்டார். வரப்புக்கு வந்ததும் எல்லோரும் விழித்தார்கள். ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை. "எதுக்கு எழுப்புனீங்க?" என்று கேட்டு மாமா சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

அந்த வாரத்துக்குள் மேல்கொல்லை, கீழ்க்கொல்லை, ஓடைக்கரை என்று ஊரில் இருந்த எல்லா நிலமும் கண்ணை மூடிக்கொண்டது. ஊர் இதற்குப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. சாமை, தினை, கேழ்வரகு என்று சில போகம் எடுத்த கொல்லையை அடுத்த வருஷம் உழாமல் விடுவார்கள். விடும்போது மேல் மூலையில் ஒரு தட்டையான கல்லைக் கழுவி வைப்பார்கள், அதற்குத் தலைக்கல் என்று பெயர், நிலம் தலை வைத்துக்கொள்வதற்கு. அன்றிலிருந்து அந்தக் கொல்லை வழியே யாரும் செருப்போடு போகமாட்டார்கள், மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், சண்டை போட நினைத்த புருஷன் பெண்டாட்டிகூட ஓடைக்கு அந்தப்பக்கம் போய்த்தான் போடுவார்கள். வருஷம் திரும்பியதும் கல்லின் ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அடியில் ஈரமும் மண்புழுவும் இருந்தால் தூக்கம் போதும். வறண்டு கிடந்தால் சத்தமில்லாமல் கல்லைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

பிறகு ரோடு வந்தது, ரோட்டில் லாரி வந்தது, லாரியில் கிழங்கு புரோக்கர் மாதேசு வந்தார். ஜவ்வரிசி ஆலை மரவள்ளி எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும் என்றார், அது பொய்யில்லை. நிலத்தைச் சும்மா போட்டால் நிலம் என்ன சம்பளமா கேட்கப்போகிறது என்றார், எல்லோரும் சிரித்தார்கள். தலைக்கற்களைப் பெயர்த்து லாரிக்கு எடை போடும் மேடை கட்டினார்கள், மிச்சத்தில் துணி துவைத்தார்கள். நான் பிறந்த பிறகு எங்கள் மலையில் ஒரு கொல்லைகூடக் கண் மூடிப் பார்த்ததில்லை. கொல்லை முழுக்கக் கிழங்கு, பானை முழுக்க ரேஷன் அரிசி என்று வளர்ந்தோம். சாமைச் சோறு என்பது எங்களுக்குப் பேச்சில் வரும் ஒரு பண்டமாகிப்போனது. விளைவிக்கிறவன் வீட்டில் விளைந்தது ஒன்றும் வேகவில்லையே, இது என்ன விவசாயம் என்று பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிற நான் லீவுக்கு வந்து கேட்டால், "வக்கீலம்மா வந்துட்டாங்கடோய்" என்பார்கள். வக்கீலுக்குப் படிக்கவில்லை என்று எத்தனை தடவை சொல்வது.

நிலம் தூங்கியதும் ஊர் கயிற்றை எடுத்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவர் இறங்குவது, கயிற்றின் மறுமுனையை இன்னொருவர் வரப்பில் நின்று பிடிப்பது, இறங்கியவர் சரியும்வரை வேலை, சரிந்ததும் இழுப்பது, விழித்ததும் முகம் கழுவி மறுபடி இறக்குவது. வரப்பு வரப்பாகப் பெண்கள் கயிறு பிடித்து நின்றதைப் பார்த்து டவுனிலிருந்து வந்த சோப்புக்காரர், "என்னங்க ஊருல மாட்டுச்சந்தையா?" என்று கேட்க, "ஆமா, எங்கூட்டுது பல்லு போனது, சும்மாவே ஓட்டிக்கிட்டுப் போங்க" என்று ஒருத்தி சொல்ல, கொல்லை நடுவில் தூங்கிக்கொண்டிருந்தவர் தூக்கத்திலேயே முறைத்தார். இப்படிச் சிரித்துச் சிரித்தே நட்டார்கள். ஆனால் நட்ட குச்சியும் தூங்கியது. தளிர் விடவில்லை, காயவும் இல்லை. பிடுங்கிப் பார்த்தால் கொட்டாவி விட்டதுபோல் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான்.

யாரோ தலைக்கல்லை ஞாபகப்படுத்தினார்கள். எடை மேடையை உடைத்தார்கள். துவைக்கிற கல்லைச் சோப்பு நுரையோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கயிற்றோடு இறங்கி ஒவ்வொரு கொல்லைக்கும் மேல் மூலையில் கல் வைத்து, மஞ்சள் தடவி, கையெடுத்துக் கும்பிட்டார்கள். மறுநாள் விடிந்ததும், ஊரே ஒரு கையில் மண்வெட்டியும் ஒரு கையில் மரவள்ளிக் குச்சியுமாகப் போய்க் கல்லை எடுத்துவிட்டது. ஒரே ஒரு ராத்திரி! இத்தனை வருஷம் தூங்காததற்கு ஒரு ராத்திரி ஓய்வைக் கொடுத்துவிட்டு, எழுந்திரு எழுந்திரு என்று தட்டினார்கள். அடியில் புழு இருக்கிறதா என்று பார்க்கக்கூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நிலம் புரண்டு படுத்தது. சரிவில் இருந்த இரண்டு வரப்பு அப்படிப் புரண்டதில்தான் உடைந்தது.

பலாமரத்தடிக் கூட்டத்தில் நான் எழுந்தேன். "தூங்க விடுங்க. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, அதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு விடுங்க. அதுவரைக்கும் ஊருக்கு அரிசி குடுக்க வேண்டியது அரசாங்கத்தோட வேலை" என்றேன்.

"யாரைக் கேக்கறது?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"நான் கேக்கறேன்."

கேட்டேன். மலையிறங்கி, பஸ் மாறி, தாலுகா அலுவலகத்துக்குப் போய், உட்காரச் சொல்லாத நாற்காலியில் நானே உட்கார்ந்து கேட்டேன். அந்த அலுவலர் கெட்டவர் இல்லை, டீகூட வாங்கிக் கொடுத்தார். "வறட்சின்னா குடுக்கலாம், வெள்ளம்னா குடுக்கலாம், யானை மிதிச்சாக்கூட அதுக்கொரு கணக்குத் தலைப்பு, ஹெட் இருக்கும்மா. தூக்கத்துக்கு ஹெட் இல்லையே" என்றார்.

"அப்ப நிலம் முழிச்சுக்கிட்டே செத்தா நிவாரணம் உண்டு, தூங்கிப் பொழைச்சா கிடையாதா சார்?"

"நல்லாப் பேசறீங்க" என்றார். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க." எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எனக்கு வந்துகொண்டே இருந்தன. ஊருக்குள் நுழைந்தபோது என் கையில் பதில்கள் மட்டும்தான் இருந்தன.

கிழங்குக் காசு நின்றுபோக, மாதத்தில் பாதி நாளுக்கு வரும் ரேஷன் அரிசி தீர்ந்ததும் பசி வந்தது. அதற்குள் ஊர் ஒன்றைக் கவனித்திருந்தது: கொல்லையில் தூங்கி எழுந்தவர்களுக்கு அன்றைக்குப் பசிப்பதில்லை. சோறு பொங்காத வீடுகளில் சாயங்காலமானால் பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, கொல்லையில் இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இழுத்துக்கொண்டார்கள். அதையும் ஊர் பழகிக்கொண்டது. "உங்க பையன் தூங்கியாச்சா?" என்று கேட்டால் சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நான் வரப்பு வரப்பாகப் போய்க் கத்தினேன். "பிள்ளைக்குச் சோத்துக்குப் பதிலா தூக்கத்தைக் குடுக்கறீங்களே" என்றேன். ஒருத்தி கயிற்றை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ சோத்தைக் குடு, நான் கயித்தை விட்டுடறேன்" என்றாள். நான் அடுத்த வரப்புக்குப் போய்விட்டேன்.

அக்கா மட்டும் தன் மகள் பவளக்கொடியை ஒரு நாளும் இறக்கவில்லை. அவள் வேறொன்று செய்தாள். எடுத்த தலைக்கல்லைத் திரும்ப வைத்தாள். கொல்லையைச் சுற்றி இலந்தை முள் போட்டாள். காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்கும் கூலிக்குப் போனாள், வரும்போது காட்டுவள்ளி தோண்டி வந்து அவித்தாள், மாமாவுக்கும் பிள்ளைக்கும் போட்டுவிட்டுப் பாத்திரத்தைச் சுரண்டினாள். அடுப்புக்கு மேல் பரணில் ஒரு சுரைக்குடுக்கை நிறையச் சாமை விதை வைத்திருந்தாள். புகையடித்துப் புகையடித்து விதைக்கு ஒரு பூச்சியும் அண்டவில்லை. கொல்லை தானாக விழிக்கும் நாளில் அதை விதைக்க வேண்டும், பவளக்கொடி தன் கொல்லைச் சோற்றைத் தின்ன வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. "நீ எப்ப தூங்குவக்கா?" என்று கேட்டேன். "எனக்கு எவ கல்லு வெக்கறா?" என்று சிரித்தாள்.

லாரிக்குக் கிழங்கு வராததால் என்னவென்று பார்க்க மாதேசு வந்தார். தெரியாமல் கொல்லையில் கால் வைத்துத் தூங்கி, இழுத்து எழுப்பப்பட்டு, வரப்பில் உட்கார்ந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு, "ஆலை முதலாளி வீட்டம்மா மாத்திரை போட்டும் கண்ணை மூட மாட்டேங்குது" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அடுத்த வாரம் அந்த அம்மா காரில் வந்தது. அதற்கடுத்து வேன். பிறகு வேன்கள். வட்டிக்கு விடுகிறவர்கள், பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்கள், கம்ப்யூட்டரில் ராப்பகலாக வேலை செய்கிறவர்கள், எல்லோரும் தலையணையும் பாயுமாக வந்து எங்கள் மலைச் சரிவில் வரிசை வரிசையாகப் படுத்தார்கள். ஊர்க்காரர்கள் கயிறு பிடித்தார்கள். கிழங்கு எடுத்த அதே கொல்லையில், அதே பாரில், கிழங்கு மாதிரியே ஆட்களை நட்டு ஆட்களைப் பிடுங்கினார்கள். எடைதான் போடவில்லை. வேனில் பன்னும் நூடுல்ஸும் வந்தது, ஊர் அதைத் தின்றது. பிள்ளைகளைக் கொல்லையில் இறக்குவது நின்றது, அதை நான் மறைக்கமாட்டேன்.

ஆனால் தூக்கமும் ஒரு விளைச்சல்தானே. எடுத்துக்கொண்டே இருந்தால் தீராதா? மேல்கொல்லையில் படுத்தவர்கள் முதலில் புகார் சொன்னார்கள்: தூக்கம் மெலிசாக இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே கனவு வருகிறது, யாரோ தங்களை வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். பிறகு கனவும் நின்று, வெறும் மண்ணில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்கள். ஒவ்வொரு கொல்லையாக விழித்தது. கயிறு இல்லாமல் உள்ளே நடக்க முடிந்ததும் ஊர் கும்மாளமிட்டது, பட்டாசு வெடித்தது, அன்றைக்கே மரவள்ளிக் குச்சியை ஊன்றியது. நான் குனிந்து அந்த மண்ணைக் கையில் எடுத்தேன். பல நாள் தூங்காதவன் கண் மாதிரி சிவந்து, பிடித்தால் பிடியில் நிற்காமல், விரலிடுக்கில் உதிர்ந்தது. "இது தூங்கி எழுந்த மண்ணில்ல. தூக்கத்தைத் திருடக் குடுத்த மண்ணு" என்றேன். "முழிச்சுதா இல்லையா, அதைச் சொல்லு வக்கீலம்மா" என்றார்கள்.

கடைசியில் மலையில் தூக்கம் மிச்சமிருந்தது அக்கா கொல்லையில் மட்டும்தான். மாதேசு முள்வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பேசினார். "அம்மணி, ஒரு சீசன். வருஷம் பூரா அரிசி நான் எறக்கறேன், மூட்டையா. புள்ளை முகத்தைப் பாருங்க."

"அது தூங்கட்டுங்க" என்றாள் அக்கா.

"தூங்கட்டும்னுதானே நானும் சொல்றேன். கூட நாலு பேரு தூங்கினா என்ன?"

நான் குறுக்கே போனேன். கிழங்கு, ஆலை, கல், மேடை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிதான் பாப்பா. ராத்திரிக்கு அக்கா வீட்டுல என்ன சோறு?" என்றார்.

அன்று மாமா மாதேசுவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொல்லாமல் முளையில் மாடு கட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். மாட்டை விற்று வெகுநாளாகிவிட்டது.

"குடுத்துட்டீங்களா?" என்றாள் அக்கா.

"நான் என்ன பண்ணட்டும் பொன்னுருவி. மத்தியானம் பள்ளிக்கூடத்துல போடறது ஒண்ணுதான் அது வயித்துல. நேத்து என்னைக் கேக்குது, 'அப்பா, ஒரு நாளைக்கி மட்டும் நானும் கொல்லையில தூங்கட்டுமா'ன்னு." மாமா வெற்று முளையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மண்ணு பொழைக்கணும்னா எம்புள்ள காயணுமா?"

அக்கா அடுப்பில் சுள்ளியைத் தள்ளினாள். மாமா கேட்டது தப்பான கேள்வி, அந்தக் கேள்வியை அவர் கேட்கும்படி வைத்தவர்கள் வேறு யாரோ, அவர்களெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்து வேன் ஏறிப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, அடுப்பில் காட்டுவள்ளி வெந்துகொண்டிருந்தது, அதுவும் முக்கால் பானை தண்ணீர்.

வேன்கள் வந்த காலையில் அக்கா தலைக்குக் குளித்து, சுரைக்குடுக்கையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். மாதேசுவின் ஆட்கள் முள்ளை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் தன் இடுப்பில் கயிறு கட்டினாள், மறுமுனையை என் கையில் கொடுத்தாள்.

"நான் சொல்லாம இழுக்காத, என்ன?"

"சரிக்கா" என்றேன். சரி என்று சொன்னேன்! வார்த்தைக்கு வார்த்தை வாதாடுகிறவள், அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த ஓட்டையைப் பார்க்காமல் சரி என்றேன்.

அவள் இறங்கினாள். நடந்துகொண்டே குடுக்கையிலிருந்து விதையை எடுத்து, வலக்கையால் வீசி வீசி, அந்தக் கொல்லை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் விதைத்தாள். அவ்வளவு தூரம் சரியாமல் அதில் யாரும் நடந்ததில்லை. விதை தீர்ந்ததும் மேல் மூலைக்குப் போய், குடுக்கையைக் கவிழ்த்து வைத்து, தலைக்கல்லில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவள் முகம் தெரியவில்லை. கயிறு தொய்ந்தது.

வேனில் வந்தவர்கள் அவளைச் சுற்றிப் பாய் விரித்தார்கள். "இந்தம்மா எந்த வண்டி?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் படுத்தார்கள். வெயில் ஏறியது. ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. புரண்டார்கள், கண்ணைத் துணியால் கட்டினார்கள், பக்கத்து ஆளைக் குறை சொன்னார்கள். இருந்த தூக்கம் மொத்தத்தையும் நிலம் அக்காவுக்கே கொடுத்துவிட்டிருந்தது. மத்தியானத்துக்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு, மாதேசுவைத் திட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாதேசு என்னிடம் வந்தார். கோபமில்லை. "அம்மணி எழுந்ததும் சொல்லி அனுப்புங்க, வர்றோம்" என்றார்.

நான் இழுக்கப் போனேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுத்தான் எனக்கு உறைத்தது: அக்கா எழுந்தால் அவர்கள் வருவார்கள்.

அப்போதிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறோம். நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பவில்லை. ஊர் இதையும் பழகிவிட்டது. கயிறு பிடிப்பதற்கு முறை வைத்துக்கொண்டார்கள், என் முறைக்கு நானும் மாமா முறைக்கு மாமாவும், கைமாற்றும்போது குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையில் வாங்குகிறோம். போகிறவர்கள் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். பொன்னுருவிக்குப் பசிக்காது என்று சொல்லி யார் வீட்டிலிருந்தோ பவளக்கொடிக்கு ஒரு கைச் சோறு வந்துவிடுகிறது. வராத நாளும் உண்டு. நிலம் போதுமான அளவு தூங்கிவிட்டதா என்று பார்க்க ஒரே வழிதான்: தலைக்கல்லின் முனையைத் தூக்கி அடியில் புழு இருக்கிறதா என்று பார்ப்பது. கல்லின் மேல் அக்காவின் தலை இருக்கிறது. வேன் ஆட்களுக்குத் தராத தூக்கத்தை நிலம் கல்லைத் தொட வருகிறவருக்கு மட்டும் தந்துவிடுகிறது, போய்ச்சேருமுன் சரிந்துவிடுவார், மாமா இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் பாதியில் விழுந்தார்.

மழை வந்தது. மற்ற கொல்லைகளின் மண், மரவள்ளிக் குச்சிகளோடு, சிவப்புச் சிவப்பாகக் கரைந்து ஓடையில் இறங்கியது. ஊரே வரப்பில் நின்று தன் நிலம் ரோட்டைத் தாண்டிக் கீழ்நாட்டுக்குப் போவதைப் பார்த்தது, யாரும் அழக்கூட இல்லை. எங்கள் கொல்லையிலிருந்து மட்டும் தண்ணீர் தெளிவாக வந்தது. கையில் ஏந்திக் குடிக்கலாம். ஊர்க்கவுண்டர் ஏந்திக் குடித்தார். "இழுத்துடாதம்மா" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, பவளக்கொடியைப் பார்த்து, "இல்ல, இழுத்துடு" என்றார். பிறகு செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது என் முறை. மழை விட்டிருக்கிறது. கொல்லையில் பச்சை தெரிகிறதா, அல்லது அப்படித் தெரிய வேண்டும் என்று பார்க்கிறேனா, இங்கிருந்து சொல்ல முடியவில்லை. பவளக்கொடி பள்ளிக்கூடத்திலிருந்து நேராக இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றின் மேல் காதை வைக்கிறாள். அம்மா மூச்சு விடுவது கயிற்றில் தெரிகிறது என்கிறாள். எனக்கும் தெரிகிறது.

"சித்தி, அம்மா சொல்லிருச்சா?"

"இல்லடா."

"தூங்கறவங்க எப்படி சித்தி சொல்லுவாங்க?"

கயிறு மழையில் நனைந்து கனக்கிறது. கை நழுவிவிடக்கூடாது என்று மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன். அவளும் தன் சின்னக் கையை நீட்டுகிறாள், அதிலும் ஒரு சுற்று.